லாங்தோக் சிவப்பு ஒயின்: முதல் பாட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு

தென் பிரான்சில் பெசியே ஊருக்கு வெளியே ஒரு கூட்டுறவு ஒயின் கிடங்கில்தான் நான் முதன்முதலாகச் சிவப்பு ஒயின் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கையில் 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன். சுவரில் பெட்ரோல் பங்க்கில் இருப்பது போலவே ஒரு குழாய், கைப்பிடி, மேலே லிட்டர் ஓடும் எண்கள். கவுன்டரில் இருந்த பெண் கேனில் குழாயைச் செருகி நிரப்பினார். பெரியவர் காசைக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டார். கிளாஸைச் சுழற்றவில்லை, கண்ணை மூடி எதையும் முணுமுணுக்கவில்லை. பரீட்சைக்குப் போவது போல நடுங்கிக்கொண்டு போன எனக்கு, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்குகிற காட்சிதான் ஞாபகம் வந்தது. பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

மீதிப் பயம் போக எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரம் போதும். குடிக்காதவர்களைக் குடிக்க வைப்பதற்காக இதை எழுதவில்லை. வேலைக்கோ படிப்புக்கோ தென் பிரான்சுக்கு வந்து, கடை அலமாரியில் நூறு பாட்டில்களுக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த இடம்?

ரோன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேற்கே, நீம், மொன்பெலியே, பெசியே, நார்போன், கார்கசோன் என்று கடலை ஒட்டி நீளும் பகுதிதான் லாங்தோக். கோடையில் மழை அபூர்வம். வடமேற்கிலிருந்து திராமொந்தான் என்ற காற்று வாரக்கணக்கில் அடித்து, துணிக்கொடியில் போட்ட ஜீன்ஸை ஒரு மணி நேரத்தில் காயவைக்கும். அதே காற்று திராட்சை இலையின் ஈரத்தையும் துடைத்துவிடுவதால் பூஞ்சை நோய் குறைவு. இயற்கை வேளாண்மை இங்கே அவ்வளவு பரவியதற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம்.

ரயில் வந்த பிறகு இந்த ஊர் வடக்கே இருந்த தொழிலாளர்களுக்கு மலிவு ஒயின் ஊற்றிக் கொடுக்கும் ஊராக மாறியது. 1907-இல் விலை அடிமட்டத்துக்குப் போனது. சர்க்கரை கரைத்த போலி ஒயின்தான் காரணம் என்று விவசாயிகள் கொதித்தார்கள். ஜூன் 9 அன்று மொன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அதே மாதம் போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது. மலிவு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. வாங்குகிற நமக்கு அது லாபம்தான். பொர்தோ என்ற பிரபல ஒயின் ஊரின் பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் காசை இங்கே கொடுக்க வேண்டியதில்லை. 10 யூரோவுக்கு உள்ளேயே நல்ல பாட்டில் கிடைக்கும்.

முதல் படி: 'உலர்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

பாட்டிலில் 'செக்' என்று இருந்தால் அதன் நேர்ப்பொருள் உலர்ந்தது. தண்ணீர் மாதிரி ஓடுகிற ஒன்று எப்படி உலர்ந்திருக்கும் என்று குழம்ப வேண்டாம். இனிப்பில்லாதது, அவ்வளவுதான். பழத்தின் சர்க்கரையில் கிட்டத்தட்ட முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிட்டது என்று அர்த்தம். ஐரோப்பியக் கணக்குப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சக் கூடாது. 150 மில்லி ஊற்றினால் அரை கிராம் சொச்சம். நாம் டீயில் போடும் சர்க்கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இங்கே இரண்டு குழப்பம் வரும். ஒன்று, பழுத்த பழ வாசனை அடித்ததும் 'இனிப்பு ஒயின்' என்று சொல்லிவிடுவது. மூக்குக்குத்தான் அது இனிப்பு, நாக்குக்கு இல்லை. இன்னொன்று, குடித்ததும் வாய் இழுத்துப் பிடித்துக் காய்வதைத்தான் 'உலர்' என்கிறார்கள் என்று நினைப்பது. அது டானின் என்ற பொருளின் வேலை. அந்தச் சுவைக்கு நம்மிடம் பச்சையாகவே ஒரு சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் அதை ஒரு சுவையாகவே எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவும் பாக்கும் கடித்த வாய்க்கு டானினை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. லாங்தோக்கை ஒட்டி, தெற்கே ஸ்பெயின் எல்லைப் பக்கம் இருக்கும் ரூசியோன் பகுதியில், மோரி, பானியூல்ஸ் என்று இனிப்புச் சிவப்பு ஒயின்களும் செய்கிறார்கள். நொதித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள், சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். ஒருமுறை நண்பர்களுக்கு ஆட்டுக்கறி வறுத்துவிட்டு, அழகான லேபிளைப் பார்த்து ஒரு மோரி வாங்கிவந்தேன். ஊற்றினால் பேரீச்சம்பழப் பாகு. கறிக்கு அது சேரவே இல்லை. கடைசியில் சாப்பாடு முடிந்து சாக்லேட்டோடுதான் அந்தப் பாட்டில் காலியானது, அதற்கு மட்டும் பிரமாதம். 2011 முதல் மோரியின் இனிப்பில்லாத சிவப்புக்குத் தனி அங்கீகாரம் உண்டு. அதில் 'மோரி செக்' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: லேபிளில் நான்கு இடம் பாருங்கள்

படம், கோட்டை, தங்க எழுத்து எல்லாம் விளம்பரம். பார்க்க வேண்டியவை குறைவு.

முதலில் ஊர்ப்பெயர். கொர்பியேர், மினெர்வுவா, ஃபோஜேர், சேன்-ஷினியான், பிக் சேன்-லூ, ஃபித்தூ, அல்லது வெறுமனே லாங்தோக். அதனடியில் ஏ.ஓ.சி. அல்லது ஏ.ஓ.பி. என்று இருந்தால், எந்தத் திராட்சை, எந்த நிலம் என்று விதி வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்று பொருள். இந்த ஊர்களின் சிவப்பு கிட்டத்தட்ட எப்போதுமே பல ரகத் திராட்சைகளின் கலவைதான், பல இடங்களில் விதியே அப்படி. 'பேய் தோக்' என்று இருந்தால் விதி தளர்வு. அதில் ஒரே திராட்சையில் செய்த ஒயின்கள் அதிகம். மட்டம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கலவையைத் தேடி வந்தவருக்கு அது வேறு அலமாரி.

இரண்டாவது, யார் பாட்டிலில் அடைத்தார்கள் என்பது. 'ஓ தொமேன்', 'ஓ ஷாத்தோ', 'ஆ லா ப்ரொப்ரியேத்தே' என்று முடிந்தால் விளைந்த இடத்திலேயே அடைத்தது. கூட்டுறவுச் சங்கமும் இப்படிப் போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. பெசியே பக்கத்தில் மரோசான் என்ற கிராமத்துச் சிறு விவசாயிகள் 1901-லேயே கூட்டுறவு அமைத்துவிட்டார்கள். இன்றும் இந்தப் பகுதியின் ஒயினில் பெரும்பங்கு கூட்டுறவுகளில்தான் உருவாகிறது.

மூன்றாவது, ஆல்கஹால் சதவீதம். வெயில் ஊர் என்பதால் 13.5, 14, 14.5 என்று இருக்கும். 14 சதவீத ஒயின் 150 மில்லி குடித்தால், சிறிய பாட்டில் பீர் ஒன்றைவிடக் கூடுதல் ஆல்கஹால் உள்ளே போகிறது. 'ஒயின்தானே' என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கடைசியாக வருடம். 15 யூரோவுக்குக் கீழ் என்றால் இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள் இருப்பதை எடுங்கள். பழையது எல்லாம் உசத்தி என்பது கதை.

சைவக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், பால் புரதம் போன்றவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. வண்டலோடு சேர்த்து அவற்றை நீக்கிவிடுவார்கள் என்றாலும், ஒத்துக்கொள்ளாதவர்கள் 'வேகன்' என்று போட்ட பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம். இப்போது அவை தாராளமாகக் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: கலவையில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டுவேன்.

சாம்பார்ப் பொடிக்குத் தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்க மாட்டோம். வெந்தயம் கருகிவிடும், தனியா பச்சையாக நிற்கும். இங்கேயும் அதே புத்திதான். ஒவ்வொரு திராட்சையும் பழுக்கும் நாள் வேறு. சிரா முன்னால் பழுக்கும், மூர்வேத்ர் வாரக்கணக்கில் பின்தங்கி வரும். ஆகவே பெரும்பாலும் தனித்தனியாகப் பறித்து, தனித்தனித் தொட்டியில் நொதிக்கவிட்டு, குளிர்காலத்திலோ அதற்குப் பிறகோ மேசைமேல் மாதிரிகளை வைத்து, இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று அளந்து கலந்து பார்ப்பார்கள்.

கிரெனாஷ் உடம்பு. வெயிலையும் காற்றையும் தாங்கும், ஏராளமாகச் சர்க்கரை சேர்க்கும், அதனால் ஆல்கஹால் ஏறும். பழுத்த பழ வாசனையும் வாயில் ஒரு கொழுமையும் தரும். நிறம் மட்டும் வெளிறல், காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்தும் போகும்.

சிரா நிறமும் மிளகும். மிளகு என்று உவமைக்காகச் சொல்லவில்லை. சிராவில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள்தான் நம் வீட்டு மிளகிலும் இருக்கிறது. மிளகு ரசம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு அது தெரியாமல் போகாது.

மூர்வேத்ர் முரடன். தடித்த தோல், நல்ல துவர்ப்பு, தோல்பொருள் வாசனை. தலை வெயிலில் காய வேண்டும், கால் தண்ணீரில் நனைய வேண்டும் என்று அதைப் பற்றி இங்கே சொல்வார்கள். கடலோரம்தான் அதற்கு வீடு.

கரினியான் கதை தனி. காய்ப்பு அதிகம் என்பதால் ஒரு காலத்தில் பிரான்சிலேயே அதிகம் பயிரான திராட்சை அதுதான். மலிவு ஒயினின் முதுகெலும்பு. பிறகு மானியம் கொடுத்துப் பிடுங்கி எறியச் சொன்னார்கள். பிடுங்காமல் விட்ட கிழட்டுக் கொடிகள் இன்று கொஞ்சமாகக் காய்த்து அருமையான பழம் தருகின்றன, அதையே லேபிளில் பெருமையாகப் போடுகிறார்கள். அதன் முரட்டுத் துவர்ப்பை அடக்க, கொத்தோடு முழுப் பழத்தைக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் போட்டுவிடுவார்கள். நசுக்காமலே பழத்துக்குள் நொதிப்பு தொடங்கும், ஒயின் மிருதுவாக வரும்.

சேன்ஸோ ஐந்தாவது ஆள். லேசு, மணம். ரசத்தில் கடைசியாகக் கிள்ளிப்போடும் கொத்தமல்லி மாதிரி.

ஏன் கலக்க வேண்டும் என்று கேட்டால், ஒருவர் குறையை இன்னொருவர் மூடுகிறார் என்பது பாதி பதில். வானிலைக் காப்பீடு மீதி. 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெரார்க் ஊரில் வெயில் 46 டிகிரியைத் தொட்டது, பிரான்சில் அதுவரை பதிவாகாத சூடு. எரோ, கார் மாவட்டங்களில் சில தோட்டங்களில் இலையும் பிஞ்சும் தீய்ந்தே போயின. இப்படிப்பட்ட வருடத்தில் ஒரே ரகத்தை நம்பியிருப்பவர் கை பிசைய வேண்டியதுதான்.

நான்காம் படி: குளிரவையுங்கள், ஆமாம், சிவப்பைத்தான்

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அது ஹீட்டர் இல்லாத பழைய கல்வீட்டின் அறை. 16 முதல் 18 டிகிரி. ஜூலை மாதம் பெசியேவில் என் சமையலறை 30-ஐத் தாண்டும், உங்கள் அறை சென்னையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் வேகவைத்தது போலிருக்கும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாட்டிலைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஜில்லென்று வியர்க்கக் கூடாது. மறந்து ரொம்பக் குளிர்ந்துவிட்டால் கவலை இல்லை, ஊற்றி வைத்தால் தானே ஏறும். அதிகக் குளிர்ச்சியில் துவர்ப்பு முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: திறப்பது

திருகு மூடி என்றால் திருகுங்கள், அது தரக்குறைவு இல்லை. கார்க் என்றால் மேல் உறையைக் கழுத்தின் விளிம்புக்குக் கீழே வெட்டி எடுத்து, திருகாணியின் நுனியைக் கார்க்கின் நடுவில் வைத்து நேராக இறக்குங்கள். கோணலாக இறங்கினால் கார்க் உடையும். உடைந்து துகள் விழுந்தால் டீ வடிகட்டியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கவில்லை.

திறந்ததும் ஒருமுறை முகருங்கள். அணைத்த தீக்குச்சி வாசனையோ லேசான முட்டை நாற்றமோ அடித்தால் பயப்பட வேண்டாம், சிரா அதிகமுள்ள இளம் ஒயினில் அது சகஜம். வாயகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, புழுங்கிய கோணிச்சாக்கு வாசனை என்றால் கார்க் கெட்டுவிட்டது. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. மூடித் திருப்பி எடுத்துப் போங்கள், நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார்.

ஆறாம் படி: நாக்கைத் தயார் செய்வது

ஒயினைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. பாலில்லாமல், சர்க்கரையில்லாமல், பத்து நிமிடம் ஊறிய கடும் டீ ஒரு வாய் குடியுங்கள். ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் இழுக்கிறதா? அதுதான் டானின். இப்போது ஒரு துண்டு சீஸோ பனீரோ மென்றுவிட்டு மறுபடி அதே டீயைக் குடியுங்கள். இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கும். டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உங்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கும். சிவப்பு ஒயினும் கறியும் ஏன் சேர்கின்றன என்பதற்கு இதைவிடச் சுலபமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒயின். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை தங்க இடம் வேண்டும். மேசையிலேயே வைத்து அடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, முகருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காசிஸ், மூர் என்று நாம் பார்த்தே இராத பழங்களைச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு இந்த ஒயின் முதல் வாயிலேயே நாவல்பழம்தான். அதே கருஊதா, அதே லேசான புளிப்பு, கடைசியில் அதே துவர்ப்பு. இரண்டு கிளாஸுக்குப் பிறகு கண்ணாடியில் பார்த்தால் அதே நாக்கு.

இன்னொரு வாசனை 'காரீக்'. இந்த ஊர் மலைச்சரிவுகளில் தைம், ரோஸ்மேரி எல்லாம் புதராக மண்டிக் கிடக்கும், வெயில் ஏறினால் காற்றே மணக்கும். அந்தப் புதர்க்காட்டுக்குத்தான் காரீக் என்று பெயர். ஒயினில் அது எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தேன். ஒருநாள் ஓமத்தை வறுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. தைமுக்கும் ஓமத்துக்கும் வாசனை தருவது தைமால் என்ற ஒரே பொருள்தான். கொர்பியேர் ஒயினில் எங்கோ ஓரத்தில் ஓமம் நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். எல்லாப் பாட்டிலிலும் இருக்காது, இருந்தால் விடாது.

பிறகு சின்னதாக ஒரு வாய், உடனே விழுங்காமல் வாய் முழுக்க ஓடவிட்டு. முதலில் பழம், நடுவில் சூடு, கடைசியில் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு வெல்வெட் மாதிரி படிந்தால் நல்ல பாட்டில். பச்சை வாழைக்காயைக் கடித்தது போலிருந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை, அல்லது இன்னும் சில மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: எதனோடு

இந்த ஊரில் ரோஸ்மேரி போட்டுச் சுட்ட ஆட்டுக்கறி, காஸ்தெல்நோதரியின் பீன்ஸ்-கறிச் சட்டி, காமார்க் பக்கத்துக் காளைக்கறிக் குழம்பு. எல்லாம் கொழுப்பும் புரதமும். காரம் கிடையாது.

நம் சமையலில் இதற்கு எதிரி மிளகாய். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலை ஏற்றிவிடும், ஆந்திரா கோங்குராவுக்கு 14.5 சதவீதத்தை ஊற்றினால் வாயில் தீ. புளிக்குழம்பு ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். மீன் என்றால் துவர்ப்போடு சேர்ந்து வாயில் இரும்பு நக்கிய சுவை வரும், அதற்கு வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிய மட்டன் சுக்கா மட்டும் அப்படியே பொருந்துகிறது, சிராவின் மிளகு அதற்குள் கரைந்து காணாமல் போகும். சைவத்தில் காளான் மிளகு வறுவல், கருகச் சுட்ட கத்தரிக்காய், நெய்யில் வறுத்த சேனைக்கிழங்கு.

தோட்டத்துக்கே போய் வாங்குவதானால்

சாலையோரம் 'தேகுஸ்தாசியோன்' என்று பலகை இருந்தால் சுவை பார்க்க வரலாம் என்று பொருள். நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறும். மேசையில் ஒரு வாளியோ தொட்டியோ இருக்கும், வாயில் வைத்த ஒயினை அதில் துப்பலாம். நமக்குத்தான் கூச்சம், அவர்களுக்கு அது மரியாதைக் குறைவே இல்லை. வண்டி ஓட்டுபவர் கட்டாயம் துப்ப வேண்டும். பிரான்சில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2 தான். அதாவது ஒரு கிளாஸே அதிகம். வாங்கியதைக் கோடையில் கார் டிக்கியில் விட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள், சாயங்காலத்துக்குள் ஒயின் வெந்துவிடும்.

மிச்சம்

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் குழம்புக்கு. பெட்டிக்குள் பையும் குழாயுமாக வருகிறதே, அது ஒயின் குறையக் குறையப் பை சுருங்கிக் காற்றை விடாது, ஆகவே மூன்று வாரம் தாராளம். தனியாக இருப்பவர், தினமும் ஒரு கிளாஸ்கூடக் குடிக்காதவர் என்றால் அதுதான் சரி.

கேனில் பிடித்து வந்த ஒயினுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. வந்த அன்றே சுத்தமான பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி மூடிவிடுங்கள். காலிக் கேனை வெறும் வெந்நீரில் இரண்டு மூன்று தரம் அலசி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைத்தால் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தை மட்டும் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். அடுத்த 5 லிட்டரும் எலுமிச்சைச் சோப்பு மணத்தது, கூட்டுறவுக் கவுன்டர் பெண் கேனை முகர்ந்து பார்த்துவிட்டு, புதிய கேன் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.